பறக்கிறவனுக்கும் மூச்சு வாங்கும்

ஸ்டார் லார்டுக்குத் தொந்தி போட்டுவிட்டது. மார்வெல் காமிக்ஸில் அண்டவெளியெங்கும் சண்டை போட்டுத் திரிந்த அதே ஸ்டார் லார்டுதான். கூடவே திரிந்த ராக்கெட் என்ற ரக்கூனுக்கும் வயசாகிவிட்டது. வில்லன்களெல்லாம் ஜெயித்து முப்பது வருஷம் கழித்து இரண்டு பேரும் பூமிக்குத் திரும்புகிறார்கள். வந்த இடத்தில் உலகத்தைக் காப்பாற்றும் வேலை பாதி, ஒருவரையொருவர் குத்திக்காட்டும் வேலை பாதி. 2021-இல் வந்த 'வேஸ்ட்லேண்டர்ஸ்' வரிசையின் முதல் ஒலிநாடகம் இது. 2023-இல் ஆடிபிள் இதை இந்தியில் கொண்டுவந்தபோது சைஃப் அலி கானும் விரஜேஷ் ஹிர்ஜியும் ஸ்டார் லார்டாகவும் ராக்கெட்டாகவும் பேசினார்கள். என் இந்தி அரைகுறை. ஆகவே ஆங்கிலத்தில்தான் கேட்டேன்.

கேட்ட இடத்தைச் சொன்னால் மார்வெல்காரர்களே நம்பமாட்டார்கள். சம்பா அறுவடை முடித்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு முறைக்குக் காத்திருந்த ராத்திரி. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். தை மாசப் பனியோ, விடிவதற்குள் தார்ப்பாய்ப் பள்ளங்களில் தண்ணீராகவே நிற்கும். பகலெல்லாம் காலால் கிளறிவிட்டுக் காயவைப்பது, பொழுது சாய்ந்ததும் மூடிவிட்டுக் காவல் கிடப்பது. தூங்க முடியாது, சினிமா பார்க்கவும் முடியாது. கண் குவியல் மேலேயே இருக்க வேண்டும். காது மட்டும்தான் சும்மா இருக்கும்.

நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் குவியல் பெரியவர் "என்னா தம்பி, ஆரு பேசறது?" என்றார். நாடகம் என்றேன். ரக்கூனை எப்படிச் சொல்வது? "நம்மூரு மரநாய் மாதிரி ஒண்ணுங்க. துப்பாக்கி வச்சிருக்கும். வாயைத் தொறந்தா நக்கல்தான்." அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நம்ம தருமின்னு சொல்லு" என்றார்.

நாகேஷ் தருமியாக நடித்த 'திருவிளையாடல்' 1965-இல் வந்த படம். அவர் அதைக் கொட்டகையில் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகமாம். கல்யாண வீட்டு ரேடியோ செட்டில், கோயில் திருவிழாக் குழாயில், வானொலி ஒலிச்சித்திரத்தில். ஒலிச்சித்திரத்தில் நாகேஷின் கையும் காலும் வளைகிற வளைவெல்லாம் போய்விடும். மிஞ்சுவது ஒரு குரல், எதிரே நிற்பது கடவுள் என்று தெரியாமல், நடுங்கிக்கொண்டே எகிறுகிற குரல். படத்தில் தருமியைப் பார்த்துச் சிரித்தவர்கள், குழாயில் கேட்டபோது தருமியாகவே ஆகியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். (இந்தப் பக்கத்துக் காதை லேசாக நினைக்க வேண்டாம். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 ரகம் வந்தபோது, திருச்சி வானொலி சொன்னதைக் கேட்டு விதைத்தவர்கள் இவர்கள். நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பேர் விழுந்துவிட்டது.)

கொஞ்சம் திமிரோடு சொன்னால், குரலாலேயே கதை சொல்லும் இந்தக் கலைக்குத் தஞ்சாவூரே ஒரு தாய்வீடு. மராட்டியர் ஆண்ட தஞ்சாவூரில் வேர்பிடித்த கீர்த்தன மரபைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ்க் கதாகாலட்சேபமாக வளர்த்தெடுத்தார். கையில் சப்ளாக்கட்டை, பக்கத்தில் மிருதங்கம். வேஷம் கிடையாது. அனுமனும் அவரே, தாண்ட வேண்டிய கடலும் அவரே. அனுமன் தாண்டுவதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். வானரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, எனக்கு இத்தனை யோசனை தூரம்தான் முடியும் என்று கணக்குச் சொல்லிப் பின்வாங்கும். நல்ல பாகவதர் வாயில் அந்த இடம் சபையைக் குலுங்க வைக்கும். தாண்டப்போகிறவனோ தன் பலமே தனக்கு ஞாபகமில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். சாம்பவான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1940-இல் அமெரிக்க வானொலிக்குப் போன சூப்பர்மேனுக்கும் வேஷம் ஒரு சங்கடமானது. காமிக்ஸில் சட்டையைத் திறந்து உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டினால் போதும். வானொலியில் பட் காலியர் என்ற நடிகர், சூப்பர்மேன் சாதாரண ஆளாக உலவும் கிளார்க் கென்ட்டின் மென்குரலில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, நடுவிலேயே கட்டைக்குரலுக்கு இறங்கி, சூப்பர்மேனாக முடித்தார். உடை மாற்றம் தொண்டைக்குள்ளேயே நடந்துவிட்டது. இதைவிட எனக்குப் பிடித்த தகவல் வேறொன்று. சூப்பர்மேனைச் சுருட்டிப் போடும் கிரிப்டோனைட் முதலில் வந்தது 1943-இல், வானொலியில். காமிக்ஸுக்கு அது 1949-இல்தான் போய்ச்சேர்ந்தது. அவனுடைய பலம் படத்தில் பிறந்தது, பலவீனம் ஒலியில் பிறந்தது.

இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஓவியர் ஒரு கோட்டை இழுத்தால் புஜம் பெருத்துவிடும். குரலுக்குப் புஜம் ஏது? அதற்கு இருப்பது மூச்சு. மாடிப்படி ஏறினால் அது வாங்கும், பயந்தால் சுதி ஏறும், வயசானால் கரகரக்கும். எவ்வளவு பெரிய வீரனாலும் காதுக்கு இதை மறைக்க முடியாது. படத்தில் இருக்கிறவனை அண்ணாந்து பார்க்கிறோம். குரலாக வருகிறவன் நம் பக்கத்தில் வந்து தார்ப்பாய்மேல் உட்கார்ந்துவிடுகிறான். உட்கார்ந்தவனைக் கேலி பண்ணலாம், அவனும் நம்மைப் பண்ணலாம்.

அன்றைக்கு நடுராத்திரிக்கு மேல் கிழக்கே மின்னல் வெட்டியது. களத்தில் ஒருத்தரும் பேசவில்லை. அவரவர் குவியலை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பெரியவர்தான் சத்தமாகச் சொன்னார்: "தம்பி, அந்த மரநாயைக் கூப்புடு. மேகத்தச் சுட்டுட்டுப் போவட்டும்." மரநாய் யாரென்றே தெரியாதவர்களும் சிரித்தார்கள். அவர் குரல் நடுங்கியது எல்லோருக்கும் கேட்டது. அதனால்தான் சிரித்தார்கள் என்று இப்போது புரிகிறது. பயமே இல்லாத குரலை மனிதன் வியப்பான். பயந்துகொண்டே கிண்டல் பண்ணுகிற குரலைத்தான் நம்புவான். வீரகதைக்கு நகைச்சுவையைத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிவகாசியிலிருந்து 1972-இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக்கை மட்டும் தெரியும். ஒலிநாடகத்தில் எல்லோருமே மாயாவிகள் என்பதால் அந்த ஜம்பம் பலிக்காது. வேறு வழி பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று மோட்டார் கொட்டகையில் கொசு அடித்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு மாயாவியை டெல்டாவில் யாராவது பேசவைக்கலாம். உரிமையை முறையாக வாங்கிக்கொள்ளுங்கள். நாகேஷ் மாதிரி வேண்டாம், மூச்சு வாங்கத் தெரிந்த குரல் ஒன்று போதும். அடுத்த சம்பாவுக்குள் வந்தால் சௌகரியம்.