தனிக்குடித்தனம்

பனகல் பார்க் பக்கம் புடவை எடுக்கப் போகிறீர்களே, அந்தப் பனகல் ராஜா நீதிக்கட்சிக்காரர். தி.நகர் தியாகராயரும் அப்படித்தான். 1939-ல், அந்தக் கட்சிக்குப் பெரியார் தலைவராக இருந்தபோது, 'திராவிட நாடு திராவிடருக்கே' என்ற குரல் எழுந்தது. 1962 மே மாதம் அண்ணா அதை மாநிலங்களவையிலேயே கேட்டார். அக்டோபரில் சீனப் போர். 1963-ல் அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம்: நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் தேர்தலில் நிற்க முடியாது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது.

சந்தர்ப்பவாதமா, விவேகமா?

மருமகள் தனிக்குடித்தனம் கேட்கிறாள். 'அந்தப் பேச்சே இந்த வீட்டில் கூடாது' என்கிறார் மாமனார். அவளும் விட்டுவிடுகிறாள். சமாதானம் ஆகிவிட்டாளா, வாயை மட்டும் மூடிக்கொண்டாளா? ஏன் கேட்டாள் என்று யாராவது விசாரித்தார்களா, சொல்லுங்கள்.

கோரிக்கையைத்தான் விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா. 1968-ல் இருமொழிக் கொள்கை, 1969-ல் 'தமிழ்நாடு' என்ற பெயர், அதே வருஷம் மாநில உரிமைகளை ஆராய ராஜமன்னார் குழு. எல்லாம் அந்தக் காரணங்களைச் சட்டத்துக்குள் நின்றே பேசியவை.

மருந்தை மாற்றலாம், தப்பில்லை. வலியே இல்லை என்று சொன்னால்தான் பொய். பேச்சைத் தடுத்தவருக்கும் கடமை உண்டு, இல்லையா? கதவைச் சாத்தியவர்தான் உள்ளே புழுக்கமில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.