எதை முதலில் திருத்துவது?



சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் எமது அலுவலகத்துக்கு அன்பர் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற அரச ஊழியர். ஊரில் எல்லோராலும் மதிக்கப்படுபவர். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று புகைப் பரிசோதனை நிலையத்தார் கொடுத்த பெறுபேறு. அவருடைய கார் சோதனையில் தவறிவிட்டதென்று அதிற் கண்டிருந்தது. மற்றது கராஜ்காரர் கொப்பித் தாளொன்றைக் கிழித்து எண்ணெய்க் கையோடு எழுதிக்கொடுத்த கணக்கு.

கார் 1980களிற் செய்யப்பட்ட டொயோட்டா டீ.எக்ஸ். வாகன். அந்த வகைக் கார்கள் இன்றும் நம் வீதிகளில் ஓடுவதை நீங்கள் அறிவீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்கு வழி திறக்கப்படாதிருந்ததாலும், 2022இல் டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதையும் தாண்டியதாலும், புதிய காரை நினைத்துப் பார்க்க முடியாதவர்கள் பழைய காரையே கட்டிக் காத்து வருகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணக்கு இவ்வாறு இருந்தது. புகையைச் சீராக்க, பாவித்த காபரேற்றர் ஒன்றும் பிளக்குகளும் 30,000 ரூபா. பின் சில்லுகளில் பிரேக் எண்ணெய் ஒழுகுகிறது, அதனோடு ஸ்டியரிங் மூட்டும் ஆடுகிறது, இரண்டுக்கும் 36,000. முன் ரயர்கள் நூல் தெரியத் தேய்ந்துவிட்டன, 48,000. எஞ்சினைத் திறந்து ரிங் மாற்றுவதானால் 1,50,000. பின் கதவின் கறளை வெட்டிப் பெயின்ற் அடிக்க 60,000. அன்பரின் கையில் இருந்ததோ 50,000 ரூபா.

“பாதர், சட்டம் புகையைத்தானே கேக்குது. பிரேக்கை ஒருத்தரும் கேக்கேல்லை. புகைச் சான்றிதழ் இல்லாட்டி அனுமதிப்பத்திரம் இல்லை. எதைச் செய்யிறது?”

“பிரேக்கைத்தான்” என்று உடனே சொல்லிவிட்டோம். அவர் போன பின்புதான் அந்த விடை எவ்வளவு இலகுவாக எமது வாயிலிருந்து வந்தது என்று நினைத்துக் கூச்சப்பட்டோம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவர் வீதிக்கு வருவதெப்படி? மாதந்தோறும் மனைவியைக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்வதெப்படி? இந்தக் கேள்விகளை நாம் கேட்கவேயில்லை. ஆகவே இவ்வாரம் வாசகர்களாகிய உங்களோடு சேர்ந்து இதைச் சற்று நிதானமாக ஆராய விரும்புகிறோம்.

முதலிற் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் புகைப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. பேருந்துக்கும் லொறிக்கும் வாகனம் வீதிக்குத் தகுதியானதென்ற சான்றிதழும் வேண்டும். தனியார் காருக்கோ ஆண்டுதோறும் கேட்கப்படுவது புகைச் சான்றிதழும் காப்புறுதியுமே. இங்கிலாந்தில் உறவினர் உள்ளவர்கள் அங்கே 1960இலிருந்து நடைபெறும் எம்.ஓ.ரி. பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பிரேக், ஸ்டியரிங், ரயர், விளக்கு எல்லாம் பார்க்கப்படுகின்றன. 2018 மே மாதத்திலிருந்து காணப்படும் குறைகள் ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என வகுக்கப்படுகின்றன. ஆபத்தான குறை கண்ட காரை அது திருத்தப்படுமுன் வீதியில் ஓட்டக் கூடாது. அதாவது, எதை முதலிற் செய்யவேண்டும் என்ற தரம்பிரித்தலை அங்கே பெரும்பாலும் பரிசோதகரே செய்துகொடுக்கிறார். இங்கே அந்த வேலை காரின் சொந்தக்காரருடைய மனச்சாட்சியின் தலையில் விழுகிறது.

சட்டம் கேட்காதது கடமையாகாது என்று எண்ணும் பழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வாழ்க்கையைக் காட்டும் ஒரு விதி இதற்குத் துணை செய்யும். விடுதலைப் பயண நூலின், பழைய பதிப்புகளிற் சொன்னால் யாத்திராகமத்தின், 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய நியாயம் கூறப்படுகிறது. ஒருவனுடைய மாடு திடீரென முட்டி ஓர் ஆளைக் கொன்றால் மாடு கொல்லப்படும்; சொந்தக்காரன் குற்றமற்றவன். ஆனால் அந்த மாடு முட்டும் மாடு என்று முன்பே அவனுக்கு அறிவிக்கப்பட்டிருந்தும் அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், குற்றம் அவன் தலைமேலும் வரும். மாடும் அதே மாடு, சாவும் அதே சாவு. சொந்தக்காரனின் காதில் விழுந்த ஒரு சொல்தான் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

அந்தக் கொப்பித் தாள் அத்தகைய சொல். கராஜ்காரர் அதை எழுதுமுன் நம் அன்பரின் கார் முட்டும் மாடு என்று அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

இங்கேதான் ஒரு தந்திரம் நுழைகிறது. தெரிந்தால்தானே பொறுப்பு? அப்படியானால் தெரியாமலே இருந்துவிடலாமே! குருமடத்தில் ஒழுக்கவியல் படித்தபோது, மனிதன் வேண்டுமென்றே பேணிக்கொள்ளும் அறியாமை அவனுடைய குற்றத்தைக் குறைப்பதில்லை என்று கற்றோம். பரீட்சையில் அதைப் பற்றி நன்றாகவே எழுதினோம் என்றும் ஞாபகம். ஆயினும் பத்திரிகைக் கட்டுகளைக் கொண்டுசெல்லும் எமது பழைய வான் சென்ற ஆண்டு கராஜுக்குப் போனபோது நாமே சாரதியிடம் என்ன சொல்லி அனுப்பினோம் தெரியுமா? “புகையை மட்டும் பார்க்கச் சொல்லும், தம்பி. வேறொன்றையும் கிளற வேண்டாம்.” கடதாசி விலையும் அச்சுக் கூலியும் தலைக்குமேல் நின்ற நேரம் அது. காரணம் உண்மையானதுதான். ஆனாலும் அந்த வாக்கியத்தை இப்போது எழுத்திற் பார்க்கும்போது நன்றாயில்லை.

புகையை அற்பமென்று ஒதுக்குவதும் சரியன்று. பெற்றோல் காரிற் சோதிக்கப்படும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கதவு பூட்டிய கொட்டகையில் ஓடவிட்ட கார் ஆளைக் கொல்வது இதனாலேயே. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012இல் வகைப்படுத்தியது. சைலன்சர் குழாயின் உயரத்திலேதான் நம் பாலர்களின் முகமும் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திற் சிறுவராயிருந்தவர்களுக்கு மற்றொரு புகையும் நினைவிருக்கும். சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் விட்ட புகை அது. அன்று எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தப் புகையைக் குற்றமென்று சொல்ல எமக்கு மனம் வராது. வேறு வழியில்லாத காலம் அது. இன்று வழி உண்டு. கையிற் பணந்தான் குறைவு.

ஆனால் புகை செய்யும் தீங்கும் பிரேக் செய்யக்கூடிய தீங்கும் ஒரே விதமானவையல்ல. புகை நிச்சயமானது, பலர்மேல் சிறிது சிறிதாகப் படிவது. பிரேக்கோ ஒருநாள் கைவிடலாம், கைவிடாமலும் போகலாம். கைவிட்டால் ஓர் உயிரை முழுதாகக் கேட்கும். இதில் மனிதரை ஏமாற்றுவது அந்தப் ‘போகலாம்’ என்ற சொல். எண்ணெய் ஒழுகும் பிரேக் ஒரே நாளிற் கெடுவதில்லை. முதலில் மிதி சற்றுக் கீழே போகும். பிறகு இரண்டு தரம் மிதித்தாற் பிடிக்கும். சொந்தக்காரர் அதற்குப் பழகிவிடுவார். “எனக்கு அதின்ரை பழக்கம் தெரியும்” என்று பெருமையாகவும் சொல்வார். ஒழுகிய எண்ணெய் சூவில் ஊறி, அவசரத்தில் மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுபடும் என்பது அவருக்குப் பழக்கமில்லாத விடயம். சந்தியிற் சைக்கிளோடு நிற்கும் பிள்ளைக்கோ அந்தப் பழக்கங்களில் ஒன்றும் தெரியாது. காரில் ஏறுபவர் ஓரளவேனும் தம் விருப்பத்தோடு ஆபத்தை ஏற்கிறார். சந்தியில் நிற்பவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை.

ஆதலால் அந்தக் கணக்கை வாசிக்கும்போது விலையைப் பார்க்குமுன், ஒவ்வொரு வரியின் எதிரிலும் ‘இது கெட்டால் யார் படுவார்?’ என்று எழுதிப் பார்க்கும்படி அன்பருக்குச் சொல்லியனுப்பினோம். பெயின்றின் எதிரில் அவருடைய பெயர் மட்டுமே வரும். எஞ்சின் ரிங்கின் எதிரில் பெரும்பாலும் அவருடைய பணப்பை, அதனோடு நீலப் புகையும். பிரேக், ஸ்டியரிங், ரயர் மூன்றின் எதிரிலும் பெயர் தெரியாத ஒருவர்.

அன்பரின் மருமகன் வேறோர் ஆலோசனை சொன்னாராம். இருக்கும் பணத்தில் பெயின்றை அடித்து, காரை விற்றுவிடுவது! புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்து ஆராய்கிறார். நொண்டிக் குதிரையை வேகக் குதிரையென்றும் இடியப்போகும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பதை அவர் உதாரணம் காட்டுகிறார். வாங்குபவருக்கு ஆபத்தோ நட்டமோ தரக்கூடிய மறைந்த குறையை விற்பவர் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிபு. ஒற்றைக்கண் குதிரையைப் போலக் குறை வெளியே தெரிந்தால் நிலைமை வேறு. தேய்ந்த ரயர் ஒற்றைக்கண் குதிரை என்று வாதாடலாம். பின் சில்லுக்குள் ஒழுகும் எண்ணெய் அப்படியன்று.

புகைச் சோதனை நாளுக்கு மட்டும் காபரேற்றரைத் திருகிக் குறைத்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் மீண்டும் திருகி வைக்கும் வழியையும் சிலர் அறிவார்கள். அதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை.

இவ்வளவும் சிந்தித்த பின்னும் அன்பரின் 50,000 ரூபா 50,000 ரூபாவாகவே இருந்தது. எமக்கும் அவருக்கும் தோன்றாதிருந்த ஒன்றை இறுதியில் அவருடைய மனைவிதான் சொன்னார். “கார் நாளைக்கே ஓடவேணும் எண்டு ஆர் சொன்னது?” நாம் எல்லோரும் எதை முதலிற் திருத்துவது என்று கேட்டோமே தவிர, எல்லாம் திருந்தும்வரை காரை நிறுத்திவைக்கலாமா என்று கேட்கவில்லை. காரினால் அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் ஒருவருக்கு இது இலகுவான விடையன்று. அவரிடம் இதை நாம் இவ்வளவு சுலபமாகச் சொல்லவும் மாட்டோம். அவருக்குக் கடனோ உறவினர் உதவியோ தேடிக்கொடுப்பது அயலவரின் பங்கு. ஆனால் மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகும் குடும்பத்துக்கு முச்சக்கர வண்டிக் கூலி தாங்கமுடியாததல்ல.

அவர்கள் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் திருத்திவிட்டுக் காரைக் கொட்டகையில் விட்டிருக்கிறார்கள். மீதிப் பணத்தோடு சேர்த்து ரயருக்கும், பின் புகைக்கும் பணம் சேர நான்கைந்து மாதம் செல்லும் என்கிறார் அன்பர். காருக்குமேல் அவர் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றைப் போர்த்தியிருக்கிறார்.

எமது வானும் செவ்வாய்க்கிழமை முதல் கராஜில் நிற்கிறது. இம்முறை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். கணக்கு இன்னும் வரவில்லை. இவ்வாரக் கட்டுகள் பேருந்திலேயே அனுப்பப்படுவதால், தூரத்துப் பங்குகளிலுள்ள வாசகர்களுக்குப் பத்திரிகை ஒருநாள் பிந்திக் கிடைக்கக்கூடும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.