வராத பேருந்தின் நிறுத்தம்

ஜெர்மனியின் டூஸல்டார்ஃப் நகரில், பென்ராத் பகுதியிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றின் முன்னால் 2008-இல் ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. ஊரெங்கும் பார்த்துப் பழகிய அதே பலகை, உட்கார ஒரு பெஞ்சு. பேருந்து மட்டும் வராது. சாயங்காலமானால் வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்திருப்பார்கள் என்று பதறிக் கிளம்பும் மறதிநோயாளிக்கு அந்தப் பலகை ஒரு போக்கிடம். தெருத்தெருவாக அலைவதற்குப் பதில் அங்கே போய் உட்காருவார். சிறிது நேரத்தில் பதற்றம் தணியும்; எங்கே போகக் கிளம்பினோம் என்பதும் மறந்திருக்கும். பணியாளர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பேருந்து தாமதமாகும் போலிருக்கிறது, அதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமா என்பார். இருவரும் உள்ளே போவார்கள். இதற்கு முன்பெல்லாம் இப்படிக் கிளம்பிப் போனவர்களைத் தேடக் காவல்துறையை அழைக்க வேண்டியிருந்தது.

முதியோருக்கான கட்டட வடிவமைப்பு என்றால் கைப்பிடிக் கம்பி, சாய்தளம், வழுக்காத தரை என்றுதான் பேச்சு போகும். அவற்றில் தத்துவச் சிக்கல் ஏதுமில்லை. செய்ய வேண்டியவை, செய்தால் போதும். மறதிநோய் வந்தவருக்கான இடத்தில்தான் பழைய கேள்வி ஒன்று செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நிற்கிறது: ஒருவருடைய நன்மைக்காக அவரிடம் பொய் சொல்லலாமா? வாயால் சொல்லும் பொய்யைப் பற்றி அறநூல்கள் நிறையப் பேசியிருக்கின்றன. கட்டி நிறுத்திய பொய் வேறு வகை. சொன்னவர் யாரென்று அதில் தெரியாது. கேட்பவர் வருவதற்கு முன்பே சொல்லி முடிக்கப்பட்டிருக்கும். வருகிற எல்லோரிடமும் ஒன்றையே சொல்லும். திருப்பிக் கேட்டால் பதில் வராது.

இதற்கு நேரெதிரான காலமும் இருந்தது. 1960-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கலூசா நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ஜேம்ஸ் ஃபோல்சம் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் நோயாளிக்கு நடப்பை இடைவிடாமல் நினைவூட்டும் முறை ஒன்றை வளர்த்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் பலகை இருக்கும்: இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், வெளியே வெயிலா மழையா. கட்டடமே ஓயாமல் உண்மை சொன்னது. தமிழ்நாட்டு வீடுகளில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரும், காலையில் அதன் தாளைக் கிழிக்கும் தாத்தாவுக்கு இதே வேலையைத்தான் செய்கிறது, கோட்பாடு எதுவும் இல்லாமலே. நோய் முற்றாதவருக்கு அது பிடிமானம். முற்றியவரிடம் அதே உண்மை கொடுமையாக மாறியது. அம்மா எங்கே என்று கேட்கும் தொண்ணூறு வயதுக்காரரிடம், உங்கள் அம்மா இறந்து நாற்பது ஆண்டாகிறது என்று திருத்தினால், அவருக்கு அது இப்போதுதான் வந்த சாவுச்செய்தி. அழுவார், மறப்பார், மறுபடி கேட்பார், மறுபடியும் சாவு. கிளீவ்லாந்தின் முதியோர் இல்லம் ஒன்றில் வளர்ந்தவரான நேயோமி ஃபைல், திருத்துவதை விட்டுவிட்டு, கேள்விக்குப் பின்னால் இருக்கும் உணர்வுக்குப் பதில் சொல்லும் முறையை உருவாக்கினார். அம்மாவைத் தேடுகிறீர்களா, அவர் எப்படி இருப்பார் என்று கேட்பது அந்த வழி. அதில் பொய்யும் இல்லை, குத்திக் காட்டும் உண்மையும் இல்லை. ஆனால் இப்படி நடுவில் நின்று பேச மனிதரால்தான் முடியும். சுவர் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

யாரும் பொய் சொல்ல நினைக்காத கட்டடத்திலும் சுவரும் தரையும் முதிய கண்ணிடம் தப்பாகப் பேசிவிடுகின்றன. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கி, வில்லை மஞ்சளித்துவிடுகிறது. மறதிநோயும் சேர்ந்துகொண்டால் பளபளக்கும் தரை அந்தக் கண்ணுக்கு நனைந்த தரை. வாசலில் போட்ட கறுப்பு மிதியடி ஒரு பள்ளம். அதைத் தாண்டக் காலை அகல வைத்துத் தடுமாறுவார், அல்லது விளிம்பிலேயே நின்றுவிடுவார். சுவர், தரை, பீங்கான் எல்லாமே வெள்ளையாக இருக்கும் குளியலறையில் எங்கே உட்காருவது என்று தெரியாது. இருக்கைக்கு மட்டும் அடர்ந்த நிறம் கொடுத்தால் தெரிந்துவிடும். கழிப்பறை கண்ணில் படும்படி இருந்தால் அதைத் தாமாகவே போய்ப் பயன்படுத்துவது கூடுகிறது என்று 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கெவன் நமாஸி நடத்திய ஆய்வு காட்டியது. இங்கே கட்டடம் உண்மையை உரக்கச் சொல்கிறது. அதே நமாஸி 1989-இல் வேறு இருவருடன் சேர்ந்து இன்னொன்றையும் சோதித்திருந்தார்: வெளிக்கதவின் கைப்பிடியைத் துணியால் மறைத்தபோது நோயாளிகள் வெளியேறுவது நின்றுபோனது. இன்று பல இல்லங்களில் வெளிக்கதவின் மேல் புத்தக அலமாரிப் படம் ஒட்டியிருக்கிறது. கழிப்பறையைக் காட்டிக் கொடுத்த அறிவும் கதவை ஒளித்து வைத்த அறிவும் ஒன்றேதான்.

இமானுவேல் காண்ட் 1797-இல் எழுதிய கட்டுரையில், ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடி வந்த கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்ல உரிமை இல்லை என்றார். அவர் கணக்கில் பென்ராத் நிறுத்தத்துக்கு இடமே இல்லை. திருக்குறளின் வாய்மை அதிகாரம் அவ்வளவு இறுக்கம் காட்டுவதில்லை. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. பரிமேலழகர் உரை, கேட்டையோ சாவையோ எதிர்நோக்கி நிற்கும் ஓர் உயிர் அந்தச் சொல்லால் தப்புவதை அதற்கு விளக்கமாகத் தருகிறது. பனிக்கால இரவில் செருப்பில்லாமல் நெடுஞ்சாலையை நோக்கி நடக்கும் முதியவர் அந்த உயிர்தான். ஆனால் குற்றமற்ற என்ற அடைமொழியை விட்டுவிட்டு நன்மையை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. யாருக்கு நன்மை என்று கேட்டால் இல்லங்களில் எப்போதும் முதியவர் என்றே பதில் வருவதில்லை. இரவில் ஒரே ஒருவர் பணியிலிருக்கும் மாடியில், அலமாரிப் படம் ஒட்டிய கதவு முதலில் உதவுவது சம்பளப் பட்டியலுக்கு.

பௌத்தத்தின் சத்தர்ம புண்டரீக சூத்திரம் இந்தக் கேள்வியை ஒரு வீட்டை வைத்தே கேட்கிறது. அதன் மூன்றாம் அத்தியாயத்தில் பழைய மாளிகை ஒன்று தீப்பற்றி எரிகிறது. உள்ளே விளையாடும் பிள்ளைகள் அப்பன் கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் ஆட்டு வண்டி, மான் வண்டி, மாட்டு வண்டி எல்லாம் நிற்கின்றன என்று சொல்லி அவர்களை வரவழைக்கிறான். வந்த பிறகு எல்லோருக்குமே வெள்ளை மாடு பூட்டிய பெரிய வண்டி கிடைக்கிறது. அப்பன் பொய்யனா என்று புத்தர் கேட்க, இல்லை, வண்டியே கொடுக்காவிட்டாலும் உயிரைக் காத்தானே என்கிறார் சாரிபுத்திரர். முதியோர் இல்லத்துப் பொய்களுக்கு இதைத் துணைக்கு அழைப்பது எளிது. ஓர் இடத்தில் கதை ஒட்டாது. பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். தாம் எதிலிருந்து தப்பினோம் என்பதை அவர்கள் அறிய முடியும். பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அது ஒருபோதும் வாய்க்காது. திசையும் தலைகீழ்: அங்கே பொய் வெளியே கொண்டுவந்தது, இங்கே உள்ளே கூட்டிப் போகிறது.

ஆம்ஸ்டர்டாம் அருகே வேஸ்ப் என்ற ஊரில் 2009-இல் திறக்கப்பட்ட ஹோகவெய்க், மறதிநோயாளிகளுக்கென்றே ஒரு சிற்றூர் போலக் கட்டப்பட்டது. தொடக்கத்தில் 23 வீடுகள், 152 பேர். தெரு, சதுக்கம், காபிக்கடை, அரங்கம், மளிகைக்கடை. பணியாளர்கள் வெள்ளை அங்கி போடுவதில்லை. குடியிருப்போர் வாழ்ந்து பழகிய முறைக்கேற்ப வீடுகள் பிரிக்கப்பட்டிருந்தன. இந்தோனேசியாவோடு தொடர்புள்ளவர்களுக்கும் தனி வகை இருந்தது. பத்திரிகைகள் இதை 1998-இல் வந்த ‘தி ட்ரூமன் ஷோ’ படத்தோடு ஒப்பிட்டன. உருவாக்கியவர்கள் அந்த ஒப்பீட்டை ஏற்பதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. மளிகைக்கடையில் இருப்பவை மெய்யான காய்கறி. வாங்கிப் போய் வீட்டில் சமைக்கிறார்கள். காபிக்கடையில் காபி கிடைக்கிறது. ஒரு பொருள் தன் பெயருக்குரிய வேலையைச் செய்கிறதா என்று பார்த்தால் ஹோகவெய்க் பெரும்பாலும் தேறிவிடும், பென்ராத் தேறாது. ஆனால் ஊர் என்றால் விட்டுப் போக வழி இருக்க வேண்டும். இந்த ஊருக்கு ஒரே வாசல், அதில் எப்போதும் ஆள். கலிபோர்னியாவின் சூலா விஸ்டாவில் 2018-இல் கூரைக்குள்ளேயே 1950-களின் கடைத்தெரு ஒன்று எழுந்தது. அதைச் செய்தவர்கள் சான் டியேகோ ஒபேராவின் அரங்கப் பணிமனைக்காரர்கள். அது பகல்நேர மையம் மட்டுமே. சாயங்காலம் வீடு திரும்புபவருக்கு அது நாடகம் பார்த்துவிட்டு வருவதைப் போல.

ஏமாறுபவர் யார் என்பது அடுத்த சிக்கல். ஒருவரை அதே ஆளாக வைத்திருப்பது நினைவின் தொடர்ச்சிதான் என்ற ஜான் லாக்கின் பதினேழாம் நூற்றாண்டுக் கருத்தை அப்படியே எடுத்தால், பெஞ்சில் இருப்பவர் ஒரு காலத்தில் கணக்குப் பாடம் நடத்தியவர் என்றால், இப்போது அவர் அந்த ஆசிரியை ஆகமாட்டார். சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்ட் டுவொர்க்கின் 1993-இல் வெளியான ‘லைஃப்ஸ் டொமினியன்’ நூலில் மாற்றிச் சொன்னார்: வாழ்க்கை முழுவதற்கும் உரியவர் ஒருவரே; தெளிவோடு இருந்தபோது எதைப் பெரிதாக மதித்தாரோ அதுவே பின்னாலும் மதிக்கப்பட வேண்டும். அப்படியானால், கசந்தாலும் உண்மையே வேண்டும் என்று வாழ்ந்த ஆசிரியைக்கு அந்த நிறுத்தம் அவமதிப்பு, அதில் அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாலும். தத்துவ அறிஞர் ஆக்னியெஸ்கா யவோர்ஸ்கா 1999-இல் இதை மறுத்தார். நினைவு போன பிறகும் ஒன்றை மதிக்கும் திறன் நெடுநாள் நிலைக்கிறது என்பது அவர் வாதம். நோயாளிகள் அடிக்கடி சொல்லும் ‘வீட்டுக்குப் போகணும்’ என்ற சொல்லைக் கவனித்தால் யவோர்ஸ்கா பக்கமே சாயத் தோன்றும். சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே பாட்டி இதைச் சொல்வதுண்டு. தன்னை எதிர்பார்த்து யாரோ இருந்த, தன் கைக்கு வேலை இருந்த ஓர் இடத்தையே அவர் கேட்கிறார். உரிக்க வெங்காயமும் மடிக்கத் துணியும் எட்டும் தூரத்தில் வைத்த சமையலறை அதில் பாதியையாவது தரும். வராத பேருந்து எதையும் தராது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட், 1997-இல் வெளிவந்த நூலில், மறதிநோயாளியை ஆளாக மதிக்காத 17 வகை நடத்தைகளைப் பட்டியலிட்டார்; முதலில் நிற்பது ஏமாற்றுதல். நோயாளிகளையே கேட்டுப் பார்த்த ஆய்வும் உண்டு. 2011-இல் வெளியான அதில், தங்கள் நன்மைக்காகச் சொல்லும் பொய்யை அவர்கள் ஏற்றார்கள்; ஆனால் அது பொய் என்று தாமே உணரும் நிலையில் இருக்கிறோமா என்பதைப் பொறுத்தே ஏற்பு அமைந்தது. கட்டடத்தால் நிறைவேற்ற முடியாத நிபந்தனை இது. மறதிநோய் ஒரே சீராக இருப்பதில்லை. காலையில் தெளிவு, மாலையில் குழப்பம். பணியாளர் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்வார். நட்டு வைத்த பலகை காலை பத்து மணிக்கும் அதையே சொல்லிக்கொண்டு நிற்கும்.

கதவைப் பற்றி மட்டும் நெதர்லாந்தின் சட்டம் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், மறதிநோயாளியை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பதைக் கட்டாயப் பராமரிப்பு என்கிறது. வேறு வழியில்லை என்று ஆளுக்கு ஆள் ஆராய்ந்து, எழுதி வைத்து, மறுபடி மறுபடி பரிசீலித்தாக வேண்டும். இதையொட்டிப் பல இல்லங்கள் எல்லோருக்குமான பூட்டை எடுத்துவிட்டு, அவரவர் அணிந்திருக்கும் மின்னணுச் சில்லைப் பார்த்துத் திறக்கும் கதவுகளுக்கு மாறின: ஒருவருக்குத் தோட்டம் வரை, இன்னொருவருக்குத் தெரு வரை. அந்தக் கதவு திறக்காதபோதும் கதவாகவே நிற்கிறது. அலமாரிப் படம் ஒட்டிய கதவுக்குப் பூட்டே தேவையில்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் அது தன் வேலையைச் செய்துவிடும்.