ஊரின் சம்மதம்

ஓர் ஊர் தன்னைத் தானே நிர்வகிக்க விரும்புமாயின், அவ்விருப்பத்தை மறுக்கும் உரிமை அயலூருக்கு உண்டா? கரைவாகுப் பகுதியில் வாழும் நமக்கு இது ஏட்டளவில் எழுந்த வினாவன்று.

முன்னர் இப்பகுதியில் கல்முனைப் பட்டின சபையும், கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்று கிராம சபைகளும் இருந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தையொட்டி இந்நான்கு பகுதிகளும் ஒரே சபையின் கீழ் வந்தன. 2001இல் அது மாநகர சபையாயிற்று. கரைவாகு தெற்காக இருந்த சாய்ந்தமருது இவ்வாறே கல்முனைக்குள் அடங்கியது. இணைத்தவர்களுக்கு அது நிர்வாகச் சீரமைப்பு. தன் தெருவின் விளக்குக்கும் வடிகானுக்கும் அடுத்த ஊராரின் பெரும்பான்மையை எதிர்பார்த்து நிற்பவனுக்கோ அது வேறொன்று.

இத்தகைய சீரமைப்பு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஜெர்மனியில் 1960களின் பிற்பகுதி தொடங்கிப் பத்தாண்டுக் காலத்துள், ஏறத்தாழ 24,000 ஆக இருந்த உள்ளூராட்சி அலகுகள் 8,500 அளவாகக் குறைக்கப்பட்டன. பவேரியாவில் எர்மர்ஸ்ஹவுசன் என்பது ஆயிரம் பேர் கூட இல்லாத சிற்றூர். 1978இல் அதனை அயலிலுள்ள மரோல்ட்ஸ்வைசாக்குடன் இணைத்தபோது ஊரார் நகரமண்டபத்தைக் காத்து நின்றனர். பல நூறு பொலிசார் புகுந்து கோவைகளை எடுத்துச் செல்ல வேண்டியதாயிற்று. சில கட்டுக் கடதாசிகளுக்காக இத்தனை படையா என்று நகைக்கத் தோன்றும்; ஆனால் அக்கடதாசிகளில்தான் ஊரின் அதிகாரம் இருந்தது என்பதை இருதரப்பாரும் நன்கறிந்திருந்தனர்.

சாய்ந்தமருது மக்கள் கோவைகளைக் காத்து நிற்கவில்லை, வாக்களித்தனர். 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில், தனிச் சபைக் கோரிக்கையை முன்வைத்த சுயேச்சைக் குழுவையே அவர்கள் ஆதரித்தனர். 2020 பெப்ரவரியில் நகர சபை அறிவிக்கப்பட்டு வர்த்தமானியும் வெளிவந்தது. சில நாள்களுக்குள் அமைச்சரவை அதனை நிறுத்திவைத்தது. பட்டாசு கொளுத்திய ஊர் வேறு, பெருமூச்சு விட்ட ஊர் வேறு. இடையில் இருப்பது ஒரு வீதி மாத்திரமே.

கல்முனைக்குடியாராகிய நாம் ஏன் பெருமூச்சு விட்டோம்? சாய்ந்தமருது நீங்கினால் எஞ்சும் மாநகரில் நமது பெரும்பான்மை தளரும் என்னும் அச்சமே முதற் காரணம். பிரதான வீதிக் கடைவரிசையின் வருவாய் யார் கையிற் சேரும் என்னும் கணக்கும் அதனுள் அடங்கியிருந்தது. மேடையில் அதனை எவரும் உரத்துப் பேசுவதில்லை. “பிரிப்பதாயின் பழையபடி நான்காகப் பிரியுங்கள்” என்றோம். தன்னளவில் அது நேர்மையான வாதமே. ஆயின், நான்காகப் பிரிப்பது எளிதில் நடவாது என்னும் நம்பிக்கையோடு அதனைச் சொல்லும்போது, சம்மதம் என்னும் போர்வைக்குள் மறுப்பே ஒளிந்திருக்கின்றது.

‘ஊர் இரண்டானால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்னும் பழமொழியும் தவறாது எடுத்தாளப்படுகின்றது. எது ஊர் என்பதை வரையறுத்தவர் யார் என்று அப்பழமொழி கேட்பதில்லை.

இனி, வாதம் இன்னும் கடினமாகின்றது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு தமிழ் மக்கள் 2019 ஜூனில் உண்ணாவிரதமிருந்தபோது, எதிரே முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். சாய்ந்தமருதின் தன்னாட்சிக்குக் குரல் கொடுப்போர் பாண்டிருப்பாரின் கோரிக்கையைக் கேட்டதும் நிலத்தொடர்பு, எல்லை, குடித்தொகை எனப் பேசத் தொடங்குவது ஏன்? எல்லைபற்றிய ஐயங்கள் பொய்யானவை என்று நாம் கூறவில்லை. கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட இவ்வொடுங்கிய நிலத்தில் ஒரு காணித் துண்டும் அற்பமானதன்று. எனினும், எல்லையை அளவிடுவது ஒன்று. அயலானின் விருப்பத்தையே குற்றமாகக் கருதுவது மற்றொன்று. அதிகாரம் அனைத்தும் கொழும்பில் குவிந்திருக்க, எஞ்சிய சிறு துணுக்கிற்காக உழைக்கும் மக்கள் வீதிக்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கின்றனர்.

எர்மர்ஸ்ஹவுசன் 1994இல் தன் தன்னாட்சியை மீளப் பெற்றது. அதற்கெனத் தனிச் சபை உண்டு. அலுவலக வேலைகளையோ அது அயலூர்களுடன் சேர்ந்தே நடத்துகின்றது. கழிவகற்றலும் வடிகானும் நம் கரையிலும் எந்த ஊரும் தனித்துச் செய்யக்கூடியன அல்ல. சந்தை வருவாயை எவ்விதம் பகிர்வது என்பதும் பேசித் தீர்க்கக்கூடிய கணக்கே. சாய்ந்தமருதாரும் பாண்டிருப்பாரும் மருதமுனையாரும் நம்மோடு ஒரே மேசையில் அமர்ந்து முதலில் அக்கணக்கை எடுக்கட்டும். எல்லைக் கல்லை எங்கு நடுவது என்பதை அதன்பின் நிலஅளவையாளர் பார்த்துக்கொள்வார்.