உரைகல் ஒன்றே!

“நேற்று ஒன்று சொன்னீர்; இன்று வேறொன்று சொல்கிறீர்; எங்கள் ஏடோ என்றும் மாறாது!” என்று பழமை விரும்பிகள் பகுத்தறிவாளரை ஏளனம் செய்கின்றனர். விடை என்ன என்று சத்துவாச்சாரித் தோழர்கள் கேட்கின்றனர். விடை அவர்கள் ஊர்ப்பக்கத்திலேயே இருக்கிறது.

வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் கிடங்கைப் பாருங்கள். தரம் பார்ப்பவர், கொடுத்தவர் யார், குலம் என்ன என்று கேட்பதில்லை. விரிக்கிறார், தடவுகிறார், வெளிச்சத்திலே புரட்டுகிறார், வடு கண்டால் ஒதுக்குகிறார். இழிதொழில் என்று ஆதிக்கக்காரர் தூற்றிய தொழிலிலே அறிவின் இலக்கணம் அமைந்திருக்கிறது!

வானுக்கும் அதே இலக்கணந்தான். 1998-இல் இரு ஆய்வுக் குழுவினர், நெடுந்தொலைவிலே வெடித்துச் சிதறிய விண்மீன்களின் ஒளியை அளந்து முடிவை அறிவித்தனர். எதிர்பார்த்ததைவிட மங்கல்! அண்டத்தின் விரிவு தளரவில்லை, விரைவடைகிறது என்றனர். காரணம் யாது? வெற்றிடத்துக்கே உரிய மாறாத ஆற்றல் என்றனர் சிலர். ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையையே திருத்த வேண்டும் என்றனர் வேறு சிலர். பட்டிமன்றம் வைத்தா தீர்ப்பளித்தனர்? இல்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய செய்தி வந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஈர்ப்பலையும் காமாக்கதிரும் இரண்டே நொடி இடைவெளிக்குள் வந்து சேர்ந்தன. இரண்டின் வேகமும் வேறுபடும் எனக் கணித்த திருத்தங்கள் பல வீழ்ந்தன. மாறாத ஆற்றல் வென்றுவிட்டதா? 2025-இல் டெசி ஆய்வு, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி விண்மீன் மண்டலங்களையும் குவாசர்களையும் அளந்து, அந்த ஆற்றல் தளர்ந்து வரலாம் என்று குறிப்புக் காட்டியது. அது உறுதிப்பட இன்னும் சான்று வேண்டும். முன்னணியில் நிற்பதற்கும் சோதனையிலிருந்து விலக்கில்லை!

ஜெயந்த் நார்லிகரை நினைப்போம். சோதிடர் 27 பேரிடம் சாதகங்களைக் கொடுத்து, அறிவிற் சிறந்த பிள்ளை எது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை எது என்று கேட்டது அவர் குழு. சரியான விடை நூற்றுக்கு 46. காசைச் சுண்டியிருந்தாலே பாதி தேறியிருக்கும்! அவரே, பெருவெடிப்பை மறுத்து, ஃபிரெட் ஹாயிலுடன் மாற்றுக் கொள்கை வகுத்தவர். அதுவும் அளவையின் முன் நிறுத்தப்பட்டது. 2025-இல் அவர் மறையும் வரையிலும் பெரும்பாலான அறிஞர் அதை ஏற்கவில்லை. நம் நாட்டவர், நம் பக்கத்தவர் என்பதற்காகச் சலுகை உண்டா? கிடையாது.

இங்கேதான் நமக்கும் சோதனை. பிறர் மூடநம்பிக்கையை உரசிப் பார்ப்பது எளிது. நம் கருத்தை அதே உரைகல்லில் தேய்ப்பது அரிது. எது கண்டால் நம் கருத்தைக் கைவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்ல அஞ்சினால், நாமும் வேறு உடையில் வந்த பூசாரிகளே! சோதனைக்கே வராத ஏடு மாறாதிருப்பதில் வியப்பென்ன, பெருமைதான் என்ன? சோதிப்போம், தோழர்களே! முதலில் நம்மை!