வாய்க்கால் யாருக்கு?

சென்ற கோடையில் ஆனைமலைக்குப் போயிருந்தேன். நண்பருடைய நெல்வயல் ஓரத்து வாய்க்காலில் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் வயல்கள் பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்ற ஐந்து பழைய வாய்க்கால்களை நம்பியவை. 1962-இல் கட்டி முடித்த ஆழியாறு அணைக்கும் அவை மூத்தவை.

இயந்திரம் அள்ளிப் போட்ட சேற்றில் அயிரையும் ஆரலும் துள்ளின. வேலை பார்க்க வந்திருந்த கிழவர் ஒருவர் அவற்றைப் பொறுக்கி, எஞ்சியிருந்த பள்ளத்து நீரில் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்தப் பள்ளத்தை மட்டும் உட்டுருங்க. கோடைக்கு அதுக வேற எங்கீங்க போகும்?" என்று நண்பரிடம் கேட்டார்.

நண்பர் சிரித்தார். "வாய்க்காலைத் தண்ணி பாயறதுக்கு வெட்டினாங்களா, மீன் வளர்க்க வெட்டினாங்களா?"

நியாயமான கேள்விதான். தூர் எடுக்காவிட்டால் கடைமடைக்கு நீர் எட்டாது. மீனுக்கும் தூர் நல்லதல்ல. கூழாங்கற்களுக்கிடையே கிடக்கும் முட்டைகளை வண்டல் மூடிவிடும், ஆழமான இடங்களும் மேடாகிவிடும். ஆனால் அடிவரை ஒரே சீராக வழித்தெடுத்தாலோ ஒதுங்க இடமிராது. இரண்டு பேர் சொன்னதும் சரி.

என்னை உறுத்தியது வேறு விஷயம். இந்தத் தூர் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மழையிலும் ஒவ்வொரு வயலும் கொஞ்சம் மண்ணை வழியவிடுகிறது. ஆளுக்கு ஒரு சாண் என்று கரையைச் செதுக்கி வயலோடு சேர்த்துக்கொள்கிறோம். வேர்ப்பிடிப்பு போன கரை உள்ளே சரிகிறது. வயலில் இருந்தபோது அது செல்வம். வாய்க்காலுக்கு வந்ததும் தூர். அதன்மீது யார் பெயரும் எழுதியிருப்பதில்லை. ஆகவே யாருக்கும் குற்ற உணர்ச்சியும் இல்லை.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தான் என்று பெருமூச்சு விடுகிறோம். 1858-லேயே குடிமராமத்துக்குக் கட்டாயச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். முன்னோர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம்.

வாய்க்காலுக்குத் துளி மண்ணும் தராத ஜீவன் மீன் ஒன்றுதான். நாம் சேர்த்த தூருக்கும் அது மூச்சடைக்கிறது. நாம் அதைச் சுத்தம் செய்யும்போதும் அதுவே சாகிறது. வரி கட்டாதவனுக்கு வாய்க்காலில் உரிமை இல்லை என்றால், வீட்டில் குழந்தைக்கு என்ன உரிமை?

நான் இதைச் சொன்னதும் நண்பர் பதில் பேசவில்லை. தம்முடைய வரப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது வாய்க்காலுக்குள் ஒரு முழம் நீண்டிருந்தது. பிறகு இயந்திரக்காரனைக் கூப்பிட்டார்.

"அந்தப் பள்ளத்தை விட்டுட்டு, இந்தப் பக்கம் வெட்டப்பா" என்றார்.

அவர் காட்டியது தம் வரப்பை.