எந்தக் கோயிலுக்கு?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நாள்களில், பெரம்பலூருக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் நாலு பேர் சேர்ந்து நடந்து வந்து ஒரு டீக்கடையில் நின்றால், முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எந்தக் கோயிலுக்கு?" சொந்த ஊர் எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சமயபுரம் என்று சொல்லிவிட்டால் பெஞ்சில் இருப்பவர் நகர்ந்து இடம் கொடுப்பார். "சும்மா நடக்கிறோம்" என்று சொன்னால்தான் பேச்சு நின்றுபோகும். பஸ் இருக்கிறது, வீட்டுக்கு வீடு வண்டி இருக்கிறது. இந்த வெயிலில் வேண்டுதல் இல்லாமல் ஒருவர் எதற்கு நடக்க வேண்டும்?

நியாயமான கேள்வி அது. பிழைப்புக்காகத் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்ந்த மண் இது. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கவும், சந்தைக்குச் சுமை கொண்டுபோகவும், பள்ளிக்கூடத்துக்கும் நடந்தவர்களின் பிள்ளைகள்தாம் இன்று வண்டி ஓட்டுகிறார்கள். நடையிலிருந்து தப்பித்ததே அவர்களுக்கு ஒரு முன்னேற்றம். அதனால் வேலையில்லா நடை அவர்கள் கண்ணுக்கு விசித்திரமாகத் தெரிவதில் தவறில்லை.

காலையில் மைதானத்தைச் சுற்றி வருபவர்களை மட்டும் யாரும் காரணம் கேட்பதில்லை. சர்க்கரை, டாக்டர் சொல்லியிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். கைப்பேசி பத்தாயிரம் அடி ஆயிற்றா என்று எண்ணிக்கொண்டே வரும். அந்தப் பத்தாயிரம், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடியளவிக் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். பெரம்பலூரிலிருந்து சமயபுரம் சுமார் 45 கிலோமீட்டர். அதை அடிக்கணக்கில் சொன்னால் அறுபதாயிரத்தைத் தாண்டும். அந்தச் சாலையில் நடப்பவர் யாரும் அதை எண்ணுவதில்லை.

மாசி கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்றிலிருந்து 28 நாள் மாரியம்மன் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே சாமியே பக்தர்களுக்காகப் பட்டினி கிடக்கிறாள். அந்த நாள்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் ஆகியவைதாம் நைவேத்தியம். அதே வாரங்களிலும், பிறகு சித்திரைத் தேரை ஒட்டியும், மஞ்சள் உடுத்தி வேப்பிலை ஏந்திய கூட்டம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமிருந்து சாரை சாரையாக இறங்குகிறது. சிறுவாச்சூரில் மதுரகாளியம்மனைக் கும்பிட்டு (திங்களும் வெள்ளியும்தான் அந்தக் கோயில் நடை திறக்கும்), ஆலத்தூர், பாடாலூர், சிறுகனூர் என்று போகும் வழி. பலர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பவர்களின் முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கும். பாத்திர பண்டங்களை ஏற்றிய சின்ன வேன் ஒன்று முன்னால் ஊர்ந்து போகும்.

வழியில் அவர்கள் கைக்கு வருவது என்னவென்று பார்த்தால் மனம் நெகிழும். தெருக்காரர்களும் கடைக்காரர்களும் தென்னங்கீற்றில் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், தர்ப்பூசணித் துண்டு, வெள்ளரிப்பிஞ்சு என்று கொடுக்கிறார்கள். அம்மன் விரதத்தில் எடுத்துக்கொள்ளும் மோரும் பானகமுமே நடப்பவர் கைக்கும் வருகின்றன. யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் அந்த ஒற்றுமை மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

நான்குவழிச் சாலை வந்தபோது பழைய புளியமரங்கள் போய்விட்டன. இப்போது நடப்பவர்களுக்குக் கிடைக்கும் நிழலில் பெரும்பங்கு இந்தப் பந்தல்களுடையதுதான்.

இந்தப் பகுதிக் குடும்பங்களில் வயதானவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வாசகம் ஒன்று உண்டு: "யாருகிட்டயும் கை நீட்டாம வாழ்ந்துட்டேன்." வானம் பார்த்த பூமியில் கடன் என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் சொல்வது அது, அதன் பின்னால் இருக்கும் வலியை மதிக்க வேண்டும். ஆனால் அப்படி வாழ்ந்தவரே பாடாலூர்ப் பந்தலில் நின்று, முன்பின் தெரியாத ஒரு பையனிடம் இரண்டு கையையும் ஏந்தி மோர் வாங்குகிறார். அதில் அவருக்குக் கூச்சம் இல்லை. தண்ணீர் வாங்குவது நடையின் பகுதி. வாங்க மறுத்தால்தான் அது குறை. அடுத்த ஆண்டு அவர் ஊர்க்காரர்கள் பந்தல் போடும்போது அகப்பையைப் பிடிப்பவர் அவராக இருக்கலாம். பயணம் எவ்வளவு வேகமானாலும் பஸ்ஸில் போகிறவருக்கு இது நேராது. நடந்து போகிறவர் சில மணி நேரத்துக்கு ஊரின் பொறுப்பாகிவிடுகிறார்.

இந்த வழக்கம் மிகப் பழையது. சமயபுரத்துக்கு மேற்கே மண்ணச்சநல்லூரைத் தாண்டினால் திருப்பைஞ்ஞீலி. நடந்தே தலம்தலமாகச் சென்ற திருநாவுக்கரசர் அந்த ஊருக்கு வரும் வழியில் பசியால் தளர்ந்தார் என்றும், சிவபெருமானே குளமும் சோலையும் உண்டாக்கி, பொதிசோற்றோடு காத்திருந்து கொடுத்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. சித்திரை மாதத்தில் அங்கே அது இன்றும் விழாவாக நடக்கிறது. கடவுள் கட்டுச்சோற்று மூட்டையோடு வழியோரம் உட்கார்ந்து காத்திருந்த கதை அது. சேக்கிழாரே சொல்லும் இன்னொருவர், திங்களூர் அப்பூதியடிகள். அவர் தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் தம் பெயரை வைக்காமல், அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத நாவுக்கரசரின் பெயரை வைத்தார்.

நடப்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையிலுள்ள இந்த முடிச்சைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி. 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிய நாள். திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்க வேதாரண்யம் புறப்பட்டார்கள். 240 கிலோமீட்டர் நடை. தஞ்சை மாவட்ட கலெக்டர் தார்ன், நடப்பவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று அறிவித்தார். வழியைக் கெடுக்கத் தேவையில்லை, வழியோரத்தை அடைத்துவிட்டால் நடை தானாக நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. ஊர் மக்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று எந்தப் போலீஸ்காரர் எந்த மரத்தைக் கேட்க முடியும்? ஏப்ரல் 28ஆம் தேதி அந்த நடை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. புளியமரம் என்றதும் அந்தப் பொட்டலங்கள் நினைவுக்கு வருவதால்தான், நெடுஞ்சாலையில் வெட்டுப்பட்ட மரங்களை எண்ணும்போது கூடுதலாக வலிக்கிறது.

வேண்டுதலுக்கு நடப்பவரை ஊர் தாங்கிக்கொள்கிறது, சரி. வேண்டுதல் இல்லாதவர் கதி?

அவர்களும் இந்த மண்ணில் நடக்கிறார்கள், வேறு பாதையில். பாடாலூருக்குக் கிழக்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் காரை, கொளக்காநத்தம், சாத்தனூர், கருடமங்கலம். காரையில் மண் திடீரென்று மொட்டையாகிறது. மழை அறுத்த ஓடைகள் நூற்றுக்கணக்கில் கிளைபிரிந்து, மேடும் பள்ளமுமாக, மஞ்சளும் சாம்பலும் செம்மையுமாகப் பரந்து கிடக்கும் களிமண் வெளி. இடையிடையே கண்ணாடித் தகடுபோல ஜிப்சம் மின்னும். குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டா வடிவில் சிறு கற்கள் கிடக்கும். அவை கணவாய் மீனின் தூரத்து உறவான உயிரினத்தின் உடல் எச்சங்கள். இன்றைய கடற்கரை அங்கிருந்து கிழக்கே எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கேதான் இருந்தது. காரையில் நடப்பவர், உலர்ந்துபோன ஒரு கடலின் அடித்தரையில் நடக்கிறார்.

1850களின் இறுதியில் பிளான்போர்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பகுதியை அளந்து வரைபடமாக்கினார். பாறை அடுக்குகளுக்கு அவர் வைத்த ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பெயர்களையே உலகம் முழுவதும் நிலவியல் படிப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இங்கே கிடைத்த சிப்பிகளையும் சுருள்கூட்டு உயிரிகளையும் தொகுதி தொகுதியாக விவரித்த ஸ்டோலிஸ்கா, 1874இல் மத்திய ஆசியப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில், லடாக் மலையில் உயிர்விட்டார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். வயது 12 கோடி ஆண்டு என்கிறது இந்திய நிலவியல் ஆய்வுத் துறை. கல்மரம் என்று ஊர் சொல்லும் பெயர்தான் அதற்குப் பொருத்தமானது.

வெயில் கடுமையாகும் முன் இங்கே மாணவர்கள் பேராசிரியரோடு குழுக்குழுவாக நடக்கிறார்கள், கையில் சுத்தியலோடு. ஆடு மேய்ப்பவர் ஒருவர் நின்று அவர்களைப் பார்ப்பார். இவர்களிடமும் ஏறக்குறைய அதே கேள்வி வரும்: என்னத்தைத் தேடுறீங்க?

இங்கிலாந்தில் இப்படிச் சும்மா நடப்பதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. வேட்டையாடப்படும் பறவைகளுக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அத்துமீறி ஏறினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று. அங்கே வசந்த காலத்தில் குழுவாக நடப்பவர்கள் மேட்டையும் கடலோரத்தையும் சுற்றிவிட்டு, ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து, காசு கொடுத்து வாங்கிக் குடித்துக் களைப்பாறுகிறார்கள். இங்கே வண்டிப்பாதையும் ஒற்றையடிப்பாதையும் பெரும்பாலும் யார் நடந்தாலும் தடுக்காமல் கிடக்கின்றன. சுண்ணாம்புச் சுரங்கம் தோண்டிய இடங்களில் மட்டும் பாதை முடிந்துபோகிறது. இங்கே நடப்பவர் முன் நிற்கும் கேள்வி வேறு: நான் யாரிடம் தண்ணீர் கேட்கலாம்?

அந்தக் கேள்வி லேசானதன்று. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்த கிராமங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. திருவிழா நாளின் நெடுஞ்சாலைப் பந்தலில் மோர் ஊற்றுபவர் குடிப்பவரின் சாதியைக் கேட்பதில்லை. அதே மனிதர் மறுநாள் தன் தெருவில், தன் வாசலில் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அந்தப் பந்தல் உத்தரவாதம் தராது. பந்தலைப் புகழ்ந்து எழுதும்போது இதை விட்டுவிட்டால் அது பொய்யாகிவிடும். சாலையில் கிடைப்பது தெருவுக்குள்ளும் வர வேண்டும். இன்னும் முழுதாக வரவில்லை.

ஆனாலும் காரைப் பக்கம் காலையில் நடந்தவர்கள் பத்து மணிக்குள் தாகத்தோடு ஏதாவது ஓர் ஊருக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். கொண்டுவந்த பாட்டில் காலியாகியிருக்கும், கடை இன்னும் தூரத்தில் இருக்கும். திண்ணையில் சோளம் உதிர்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் தயங்கித் தயங்கித் தண்ணீர் கேட்பார்கள். அவர் எழுந்து உள்ளே போவார். சொம்பை நீட்டிக்கொண்டே, "எந்தக் கோயிலுக்குப் போறீங்க?" என்பார். கோயிலுக்கு இல்லை, இந்தக் கல்லைப் பார்க்க வந்தோம் என்று கையைத் திறந்து ஒரு சிப்பியைக் காட்டினால், "இதுவா? எங்க காட்டுல ஏர் ஓட்டுனா இதுதான வரும்" என்று சொல்லிவிட்டு, வெறும் தண்ணீர் வேண்டாம், இருங்கள் என்று மோர்ப் பானையைத் திறக்கப் போய்விடுவார்.